துருத்தியும் தொண்டையும்

சென்னை எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் தேவாலயத்தில் 1883இல் ஒரு பைப் ஆர்கன் பொருத்தப்பட்டது. இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்தில் பீட்டர் கோனாச்சர் பட்டறையில் உருவானது அது. அதே காலத்தில், சென்னைக்குத் தெற்கே மதுரைச் சமவெளியில் அமெரிக்க மிஷனரிகள் வேலை தொடங்கி ஐம்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. பள்ளிக்கூடங்களும் சிற்றூர்ச் சபைகளும் பெருகிவிட்டன. ஞாயிறுதோறும் ஆயிரக்கணக்கானோர் பாடினார்கள். ஆனால் கிர்க்கில் ஒலித்த பெரிய ஆர்கன் அந்தப் பாட்டுக்குள் வரவில்லை. அதன் சின்ன உறவுக்காரனான ஆர்மோனியம் வந்தது. வந்ததோடு நிற்காமல் தேவாலயத்தை விட்டு வெளியே இறங்கி நாடகக் கொட்டகைக்குப் போனது. திருவிழா மேடைக்குப் போனது. 'வள்ளி திருமணம்' நாடகத்துக்குச் சுருதி கொடுத்தது.

இரண்டும் காற்றால் ஒலிப்பவை, இரண்டுக்கும் துருத்தி உண்டு, விரல் வைக்கக் கட்டைகள் உண்டு. ஒன்று கட்டடத்தோடு தங்கிவிட, மற்றொன்று ஊரோடு கலந்தது ஏன்? விலையும் அளவும் காரணம் என்பது உடனே தோன்றும் விடை. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஒரு கருவி ஓர் ஊருக்குச் சொந்தமாக வேண்டுமானால் வாசிப்பவர் மட்டும் போதாது. பழுது பார்க்கத் தெரிந்தவர் அதே ஊரில் இருக்க வேண்டும், அடுத்த ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஏற்பாடும் அங்கேயே இருக்க வேண்டும். மதுரையின் மேற்குப் பகுதியைச் சுற்றி நடந்த இசை வரலாற்றைப் பார்த்தால் இது தெளிவாகிறது.

காளவாசல் சந்திப்பை மையமாக வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து ரயில் நிலையம் பக்கம் திரும்பினால் அரசரடி. தமிழ்நாடு இறையியல் கல்லூரி அங்கே இருக்கிறது. பைபாஸ் சாலையில் தெற்கே போனால் பழங்காநத்தம், அதைத் தாண்டிப் பசுமலை. மிஷனரிகளின் கல்விக்கூடங்கள் வளர்ந்த இடம் அது. இன்று அரசு இசைக் கல்லூரியும் அந்தப் பக்கம்தான். மேற்கே தேனி சாலை, அது இளையராஜாவின் ஊரான பண்ணைப்புரத்தின் திசை. மேம்பாலமும் பேருந்து ஹாரனும் சேர்ந்த இந்தச் சந்திப்பை யாரும் இசையோடு சேர்த்து நினைப்பதில்லை. ஆனால் தமிழ்ச் சமூகம் கட்டைக் கருவியோடு நடத்திய நீண்ட வழக்கின் முக்கியமான சாட்சிகள் பலர் இந்தச் சாலைகளில் போய் வந்தவர்கள்.

முதலில் பெரிய ஆர்கன். துருத்தியோ மின்விசிறியோ அனுப்பும் காற்று ஒரு பெட்டிக்குள் சீரான அழுத்தத்தில் காத்திருக்கும். கட்டையை அழுத்தினால் அடியில் உள்ள தோல் ஒட்டிய மூடி திறந்து, காற்று அதற்குரிய குழலுக்குள் ஏறும். குழல்கள் இரண்டு வகை. ஒன்று புல்லாங்குழல் போல வாய்விளிம்பில் காற்று வெட்டுப்பட்டு ஒலிப்பது. மற்றொன்று பித்தளை நாக்கு அதிர்ந்து ஒலிப்பது. கட்டைக் கருவியின் அடித் தொகுதியில் உள்ள மந்தர 'சி' சுரத்துக்குத் திறந்த குழல் எட்டு அடி நீளம் வேண்டும். ஒரு ஸ்தாயி கீழே போனால் பதினாறு அடி. ஒரு ஸ்தாயி மேலே போனால் நான்கு அடி. ஒவ்வொரு நாத வண்ணத்துக்கும் தனி வரிசைக் குழல்கள். சின்ன ஆர்கனிலேயே சில நூறு குழல்கள் சேர்ந்துவிடும்.

தென்னிந்தியாவில் இந்தக் கருவியின் கதை தேவாலயத்தோடு முடிவதில்லை. திப்பு சுல்தானுக்காக 1790களில் செய்யப்பட்ட புலி பொம்மை, ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயைக் கவ்வி நிற்பது. அதன் வயிற்றுக்குள் 18 கட்டைகள் கொண்ட சிறிய பைப் ஆர்கன் இருக்கிறது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அது லண்டனுக்குப் போய், இப்போது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஒரு தென்னிந்திய அரசவை, ஆர்கனை வழிபாட்டுக் கருவியாகப் பார்க்காமல் வியப்பும் பகையும் சேர்ந்த எந்திரமாகப் பார்த்திருக்கிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கருவிக்கு மதம் பிறப்பிலேயே ஒட்டியதில்லை.

இந்த நாட்டு வெயிலில் பைப் ஆர்கனுக்கு ஒரு சிக்கல் உண்டு. புல்லாங்குழல் வகைக் குழலின் சுரம், குழலின் நீளத்தையும் உள்ளிருக்கும் காற்றில் ஒலி செல்லும் வேகத்தையும் பொறுத்தது. வெப்பம் ஏறினால் ஒலியின் வேகம் கூடும், சுரமும் ஏறும். 22 டிகிரியில் சுருதி சேர்த்த குழல், சித்திரை மாதத்து மதுரையின் 38 டிகிரியில் கிட்டத்தட்ட கால் கட்டை ஏறிவிடும். இது காது கேட்டுவிடுகிற வித்தியாசம். எல்லாக் குழலும் சேர்ந்து ஏறினால்கூடப் பரவாயில்லை, பாடுகிறவர்கள் கூடவே ஏறிக்கொள்வார்கள். ஆனால் நாக்கு வைத்த குழல்களின் சுரத்தை நாக்கின் நீளமும் கனமும் முடிவு செய்வதால் அவை பெரிதாக நகர்வதில்லை. ஒரே கருவிக்குள் ஒரு பாதி ஏறி, மறுபாதி ஏறாமல் நின்று, இரண்டும் மோதும். இதோடு தோல் மூடிகள் காய்ந்து சுருங்குவது, மரப்பெட்டி வெடிப்பது, கரையான், எலி. அருகில் சுருதி சேர்ப்பவர் இல்லாத ஊரில் பைப் ஆர்கன் சில ஆண்டுகளில் ஊமையாகிவிடும். சென்னைக்கு இந்த வசதி ஓரளவு இருந்தது. 1842இல் மிஸ்க்வித் என்ற பெயரில் தொடங்கிய கடை, இன்றைய மியூசி மியூசிகல், பியானோ, ஆர்கன் வணிகத்தையும் இசைத் தேர்வுகளையும் நகரத்தில் வேரூன்ற வைத்தது. 1893இல் மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷன் வந்தது. வாசிக்க ஆள், கேட்க ஆள், பராமரிக்க ஆள் என்ற வட்டம் அங்கே பூர்த்தியானது. மதுரை போன்ற உட்பகுதி ஊர்களில் அந்த வட்டம் உருவாகவில்லை.

ஆர்மோனியத்தின் உடம்பில் குழலே கிடையாது. பாரிஸில் அலெக்ஸாண்டர் தெபான் 1842இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. நீண்ட குழலின் வேலையை விரல் நீளப் பித்தளை நாக்கு ஒன்றே செய்துவிடுகிறது. அமெரிக்காவில் எஸ்டி போன்ற நிறுவனங்கள் இதன் இன்னொரு வகையை வீட்டுக் கருவியாகவே ஆக்கின. எஸ்டி மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தது. ஊழியக்காரர்கள் தூக்கிச் செல்ல மடக்கு ஆர்கன்களும் வந்தன. 1875 வாக்கில் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ், தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி தள்ளி மறுகையால் வாசிக்கும் கைப்பெட்டியை வடிவமைத்தார். மேலே சொன்ன வெயில் சிக்கல் இந்தக் கருவிக்கு அநேகமாக இல்லை. மாட்டு வண்டியில் போட்டு ஊர் ஊராகக் கொண்டு போகலாம். நாக்கு சுருதி விலகினால் நுனியைச் சுரண்டினால் சுரம் ஏறும், அடிப்பக்கத்தைச் சுரண்டினால் இறங்கும். கையில் அரமும் காதில் சுருதியும் இருந்தால் போதும்.

மதுரை இந்தப் பெட்டியை எடுத்துக்கொண்ட விதம் தனி அத்தியாயத்துக்கு உரியது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். சிறுவர்களைக் கூட்டி வைத்து, பாட்டும் வசனமும் வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்த குருகுலம் அது. டி.கே.எஸ். சகோதரர்கள் அந்தச் சபையில் பயின்றவர்கள். பின்னால் கம்பெனிகள் கலைந்து, நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அழைக்கும் ஸ்பெஷல் நாடகம் பரவியபோது, 1920களில் உருவான மதுரை நடிகர் சங்கம் அதற்குத் தலைமை இடமானது. ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். மேடையில்தான் சந்திப்பார்கள். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை அந்த நாடகத்தைச் சிதறாமல் பிடித்து வைத்திருப்பவர் மேடை ஓரத்தில் கால் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவர். காலால் துருத்தியை மிதிப்பதால் அவருக்கு இரண்டு கையும் கட்டைகளில் இருக்கும். நடிகரின் தொண்டை எந்தக் கட்டையில் நிற்கும், எந்த விருத்தத்தில் எந்த ராகம் எடுப்பார், எங்கே மூச்சு தடுமாறும் என்று தெரிந்து, பின்பாட்டும் பாடுவார். ஓர் ஐரோப்பிய தேவாலயத்தில் ஆர்கனிஸ்ட் சபையின் பாட்டை முன்நின்று நடத்துகிற பொறுப்பை, தமிழ் நாடக மேடையில் ஆர்மோனியக்காரர் ஏற்றார். அந்தப் பொறுப்பு எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதப்படவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது.

நாடக நடிகர் செங்கோட்டை கிட்டப்பா உச்ச சுருதியில் பிருகாக்களை உதிர்த்தபோது அவருடைய அண்ணன் காசி அய்யர் ஆர்மோனியத்தில் துணை நின்றார். மைக் இல்லாத கொட்டகையின் கடைசி வரிசைவரை கேட்க வேண்டிய கட்டாயம், உரத்த சுருதி, சுரம் சுரமாக விரையும் பிருகா: இந்த மூன்றும் கட்டைக் கருவிக்கு ஒத்துப்போனவை. இழைந்து இழைந்து அசையும் கமகத்தை அந்தப் பெட்டியால் தர முடியாது. ஆனால் மேடை அதனிடம் அதைக் கேட்கவில்லை. இன்றும் நம் பாடகர்கள் தங்கள் சுருதியை 'ஒரு கட்டை', 'நாலரைக் கட்டை' என்று அந்தப் பெட்டியின் வரிசையை வைத்துத்தான் சொல்கிறார்கள். ஆர்மோனியமே வேண்டாம் என்று ஒதுக்கும் கர்நாடக சங்கீத மேடையிலும் அளவுகோல் அதுதான்.

ஒதுக்கல் சிறிய அளவில் நடக்கவில்லை. 1940 மார்ச் முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது, 1971இல்தான் தளர்த்தியது. பன்னிரண்டு சம இடைவெளிகளில் பூட்டப்பட்ட கட்டைகளால் இந்திய சுருதி நுணுக்கங்களைத் தர முடியாது என்பது வாதம். ஒலியியலாக அதில் தவறில்லை. ஆனால் அந்த முப்பது ஆண்டுகளில் மதுரைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் எந்தப் பெட்டியும் மூடப்படவில்லை. வானொலி நிலையத்துக்கு நியாயமாகப் பட்ட ஒன்று, விடியவிடிய நாடகம் பார்த்த சனங்களுக்குப் பொருட்டாகவே இல்லை. சுருதிக் கணக்கில் ஆழ்ந்து உழைத்த ஆபிரகாம் பண்டிதரும் இந்த வட்டாரத்தோடு தொடர்புள்ளவர். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்று, அங்கேயே பணியாற்றி, பிறகு தஞ்சாவூர் போனவர். 1917இல் வெளிவந்த அவருடைய கருணாமிர்த சாகரம், ஒரு ஸ்தாயியில் இருபத்திரண்டு சுருதி என்ற கொள்கையை மறுத்து இருபத்திநான்கு என்று வாதிடுகிறது. கிறிஸ்தவராகப் பிறந்து, மேற்கத்திய இசையையும் அறிந்து, பழந்தமிழ் இசையின் கணக்கைத் தேடியவர் அவர். கட்டைக் கருவியின் சுர ஒழுங்கை எதிர்கொண்டு நம்முடைய சுருதியை அளக்க வேண்டும் என்ற வேகம் அவர் தலைமுறைக்கு வந்ததே ஓர் அறிவுத் திறப்பு என்று நினைக்கிறேன்.

தேவாலயத்துக்குள் நடந்ததைத் திரும்பிப் பார்ப்போம். தமிழ்ப் புராட்டஸ்டன்ட் சபைகளில் இரண்டு வகைப் பாட்டு உண்டு. ஒன்று பாமாலை, ஞானப்பாட்டு என்று சொல்லப்படுவது: ஜெர்மன், ஆங்கிலப் பாட்டுகளை அவற்றின் ராகத்தோடு தமிழாக்கியவை. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. மற்றொன்று கீர்த்தனை: பல்லவி, அனுபல்லவி, சரணம், தாளம் எல்லாம் உள்ளவை. பாமாலைக்கு ஆர்கன் பொருந்தும். வரிக்கு வரி நின்று, நான்கு குரல்களாகப் பிரிந்து, ஒவ்வொரு அசைக்கும் கீழே சுரக்கூட்டு மாறும் அமைப்பு அது. கீர்த்தனையின் உயிர் தாளத்திலும் ராகத்தின் நடமாட்டத்திலும் இருக்கிறது. அதன் கீழே சுரக்கூட்டுகளை அடுக்கினால் ராகம் எந்தப் பக்கமும் அசைய முடியாமல் போகிறது. இரண்டையும் ஒரே ஆராதனையில் மாறி மாறிப் பாடி வளர்ந்தவர்களுக்கு இது காதாலேயே தெரியும்.

மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) உயிரோடு இருந்த காலத்திலேயே, 1853இல், அவருடைய பாட்டுகள் பலவற்றைச் சேர்த்துத் தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளின் தொகுப்பு ஒன்றை வெப் வெளியிட்டார். 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து தொடங்கிய ஒரு மிஷன், இருபது ஆண்டுகளுக்குள் உள்ளூர்ப் பாட்டே சபையைப் பாட வைக்கும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறது. கருவியை வரவழைப்பதற்கு முன்னால் பாட்டைத் தேடிப் போன அந்த வரிசையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நூறாண்டு கழித்து இதே கேள்வி அரசரடியில் இன்னும் கூர்மையாக எழுந்தது. 1969இல் பல சபைகள் சேர்ந்து உருவாக்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், ஆசிரியராக இருந்த எம். தாமஸ் தங்கராஜ் கர்நாடக ராகங்களில் ஓர் ஆராதனை முறையை இசையமைத்தார். பாமாலையின் பிடியிலிருந்து தமிழ் வழிபாட்டை விடுவிக்கும் முயற்சியாக அது பார்க்கப்பட்டது. அதே வளாகத்தில் இன்னொருவர், 'பரட்டை' என்ற பெயரால் அறியப்பட்ட ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005), வேறு ஒன்றைக் கேட்டார். கர்நாடக ராகம் யாருடைய தமிழ்? குருகுலத்துக்குள் நுழைய விடப்படாத சாதிகளிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் மாணவனுக்கு, ஆர்கனும் தம்பூராவும் ஒரே தூரத்தில்தானே இருக்கின்றன?

அப்பாவு தெரிந்தெடுத்தது கிராமியப் பாட்டு. காரணம் வெறும் பாசம் அல்ல. அவர் அதற்குத் தெளிவான கோட்பாடு வைத்திருந்தார். நாட்டுப்புற மெட்டுக்கு ஆசிரியரின் அனுமதி தேவையில்லை. பாடுகிறவர் சொல்லை மாற்றலாம், மெட்டை வளைக்கலாம், இன்னொருவர் அதை மேலும் மாற்றலாம். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் திருப்பிப் பாடும் அமைப்பால், எழுதப்படிக்கத் தெரியாதவரும் முதல் தடவையிலேயே பாட்டுக்குள் வந்துவிடலாம். விலைகொடுத்து வாங்கும் கருவி வேண்டியதில்லை. பறையும் கைத்தட்டும் போதும். கடவுளை விளிக்கும் இடத்தில் ஆண் பெண் இரண்டையும் குறிக்கும் பேச்சு வழக்குச் சொல்லை வைத்தார். ஒரே உலையில் சமைத்து எல்லாரும் சேர்ந்து உண்பதே இறையியல் என்றார். கிராமிய இசை வழிபாட்டை அவர் உருவாக்கியபோது, தீட்டு என்று ஒதுக்கப்பட்ட பறை ஆராதனையின் நடுவுக்கு வந்தது. அமெரிக்க இனவரைவிசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் அவரோடு ஆண்டுக்கணக்கில் இருந்து கற்று, 2014இல் ஒரு முழு நூலே எழுதினார். காளவாசலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நிகழ்ந்த இந்தச் சிந்தனையை உலகப் பல்கலைக்கழகங்கள் பாடமாகப் படிக்கின்றன. மதுரை இசை வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடந்து போய்விடுகிறார்கள்.

அப்பாவுவின் வாதத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. கற்றுத்தேர வேண்டிய கருவி எதுவும் மேட்டிமைக்கே உரியது என்று கொண்டால், ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கடினமான கருவியைக் கற்கும் உரிமையே இல்லாமல் போகும். பண்ணைப்புரம் அதற்கு மறுப்பு. அண்ணன் பாவலர் வரதராசனோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்து வளர்ந்த இளையராஜா, சென்னை வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையின் எழுத்து முறையைக் கற்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கித்தார் தேர்வு எழுதினார். 2025 மார்ச்சில் லண்டனிலேயே தம் சிம்பொனியை அரங்கேற்றினார். மேடை ஆர்மோனியத்தின் காதும் தேர்வுக்கூடத்தின் நோட்டேஷனும் ஒரே ஆளில் சேர்ந்ததால் விளைந்தது அது. கடினமான கருவியை ஏழையின் கைக்கு எட்ட வைக்கும் ஆசிரியர் எங்கே என்பதே என் கேள்வி. அந்த இடத்தில் அப்பாவுவோடு முழுதாக உடன்படுகிறேன்: ஆசிரியர் வரும்வரை ஒரு சமூகத்தைப் பாடாமல் காத்திருக்கச் சொல்லக் கூடாது.

இன்று தமிழ்நாட்டு நகரங்களில் பைப் ஆர்கனின் வாரிசாக வந்திருப்பது எலெக்ட்ரானிக் கீபோர்டு. ஒரு பொத்தானில் 'சர்ச் ஆர்கன்' ஒலி இருக்கிறது. தெருவுக்குத் தெரு கீபோர்டு கிளாஸ் நடக்கிறது, பிள்ளைகள் டிரினிட்டி கிரேடு தேர்வு எழுதுகிறார்கள். 1877இல் தொடங்கிய அந்தத் தேர்வு முறைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: யாருடைய மகன், எந்தத் தெரு என்று கேட்காமல் வாசிப்பை மட்டும் கேட்கும். குறையும் உண்டு. தேர்வுக்கு மூன்று உருப்படி தயார் செய்த பிள்ளை, பத்துப் பேர் பாடும்போது கூட வாசிக்கத் தெரியாமல் நிற்கிறது. பாடுகிறவர் அரைக் கட்டை இறங்கினால் டிரான்ஸ்போஸ் பொத்தானைத் தேடுகிறது. நாடக ஆர்மோனியக்காரருக்குப் பாலபாடமாக இருந்த திறமை இது: தொண்டையைக் கேட்டுக் கையை நகர்த்துவது. நம் இசை வகுப்புகளில் கூட்டுப்பாட்டுக்குத் துணை வாசித்தல் ஒரு பாடமாக இல்லாதது பெரிய இழப்பு.

வகுப்பு எப்படி நடக்கலாம் என்பதற்குப் பறையே வழி காட்டுகிறது. அலங்காநல்லூர் வேலு ஆசான் ஊர் ஊராகப் போய்ப் பறையைச் சொல்லிக்கொடுத்தார். 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. திண்டுக்கல்லில் சிஸ்டர் சந்திரா நடத்தும் சக்தி அமைப்பு, தலித் பெண் பிள்ளைகளின் கையில் பறையைக் கொடுத்துப் பயிற்சியளித்தது. இரண்டு இடத்திலும் கற்பவர் அடிமுறையோடு சேர்த்து அந்தக் கருவியின் தோலையும் கட்டையையும், தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றும் பக்குவத்தையும் கற்கிறார். வாசிப்பும் பராமரிப்பும் கற்பித்தலும் ஒரே ஆளிடம் சேர்கின்றன. பைப் ஆர்கனுக்கு நம் ஊரில் கிடைக்காமல் போனது இந்தச் சேர்க்கைதான்.

அது வெப்ப நாட்டில் முடியாத காரியம் என்று சொல்லிவிட முடியாது. பிலிப்பைன்ஸில், மணிலாவுக்கு அருகே லாஸ் பின்யாஸ் என்ற ஊர். தியேகோ செரா என்ற ஸ்பானியப் பாதிரியார் 1816இல் அங்கே ஓர் ஆர்கன் செய்யத் தொடங்கினார். உலோகக் குழலுக்குப் பதில் உள்ளூர் மூங்கில். பூச்சி அரிக்காமல் இருக்க மூங்கிலைக் கடற்கரை மணலில் மாதக்கணக்கில் புதைத்துப் பதப்படுத்தினார். 1824இல் வேலை முடிந்தது: மொத்தம் 1,031 குழல்கள், அதில் 902 மூங்கில். நிலநடுக்கம், சூறாவளி, பராமரிப்பின்மை எல்லாம் சேர்ந்து கருவி சீரழிந்தது. 1973இல் அதை ஜெர்மனியின் பான் நகரத்துக்குக் கொண்டுபோய், கிளாய்ஸ் பட்டறையில் பழுது பார்த்து, 1975இல் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

கதையில் என்னை ஈர்ப்பது அதற்குப் பிறகு நடந்தது. ஆண்டுதோறும் மூங்கில் ஆர்கன் விழா தொடங்கியது. வெளிநாட்டுக் கலைஞர்கள் வந்து வாசிக்கிறார்கள். ஊர்ச் சிறுவர்களின் பாடகர் குழு அந்த விழாவோடு வளர்ந்தது. உள்ளூர் இளைஞர்கள் ஐரோப்பாவுக்குப் போய் ஆர்கன் செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். அவர்களில் ஒருவரான சீல்வின் டாக்லே 1994இல் லாஸ் பின்யாஸிலேயே பட்டறை தொடங்கி, அதற்குத் தியேகோ செராவின் பெயரை வைத்தார். இன்று நாட்டின் பிற தேவாலயங்களில் கிடக்கும் பழைய ஆர்கன்களை உயிர்ப்பிப்பது அந்தப் பட்டறை. கச்சேரி, பாட்டுப் பயிற்சி, பழுதுபார்க்கும் தொழில் மூன்றும் ஒரே ஊரில் ஒன்றையொன்று தாங்குகின்றன. கருவி மட்டும் திரும்பி வந்து, மற்ற இரண்டும் வராமல் இருந்திருந்தால், அடுத்த ஐம்பது ஆண்டில் மூங்கில் மறுபடி வெடித்திருக்கும்.

காளவாசல், அரசரடி போன்ற ஒரு பகுதியில் ஆர்கன் கச்சேரியும் இசை வகுப்பும் வேண்டும் என்று யாராவது முனைந்தால், பெரிய கருவியை இறக்குமதி செய்வதில் தொடங்கக் கூடாது என்பது என் முடிவு. பெட்டி அளவில் சின்ன ஆர்கன் ஒன்று போதும். மேல்முனை மூடிய குழலுக்கு ஒரு நல்ல குணம்: திறந்த குழலின் பாதி நீளத்திலேயே அதே சுரத்தைத் தரும். எட்டு அடிக் குழலின் சுரத்துக்கு நான்கு அடி மரக்குழல். நம் தச்சர்களின் கைக்கு இது எட்டாத வேலை இல்லை. எல்லாமே புல்லாங்குழல் வகையாக, ஒரே வரிசையாக வைத்தால் வெயிலில் மோதல் எழாது. முழுக் கருவியும் சேர்ந்து ஏறும், பாடுகிறவர்களும் அதோடு ஏறிக்கொள்வார்கள். கட்டைப் பலகையை இடவலமாக நகர்த்தும் அமைப்பு சில ஆர்மோனியங்களில் ஏற்கெனவே உண்டு. அதை இதிலும் வைத்தால் யாருடைய தொண்டைக்கும் கட்டை கிடைக்கும்.

வகுப்பு பாட்டிலிருந்து தொடங்க வேண்டும். கீர்த்தனைக்குச் சுரக்கூட்டை அடுக்காமல், ஆதார சுருதியையும் பஞ்சமத்தையும் மட்டும் பிடித்து நிற்க ஆர்கனுக்குக் கற்றுக்கொடுக்கலாம். காற்று உள்ளவரை குறையாமல் நிற்கும் ஒலி அதற்கு உண்டு, தம்பூராவுக்குக் கூட இல்லாத பலம் அது. பாமாலைக்கு நான்கு குரல் சொல்லிக்கொடுக்கலாம். அப்பாவுவின் வழியில் எடுத்துக்கொடுத்துத் திருப்பிப் பாடும் பாட்டுக்குப் பறையை முன்னால் விட்டு, ஆர்கன் அடுத்த வரிவரை பேசாமல் இருக்கக் கற்க வேண்டும். கேட்க வருகிறவர்கள் உட்கார்ந்து கைதட்டிப் போகிற கச்சேரியாக இது அமைந்தால் சென்னை தேவாலயங்களில் ஏற்கெனவே நடப்பதன் சின்ன நகலாகவே முடியும். ஒவ்வொரு மாலையிலும் பாதி நேரம் அரங்கமே பாட வேண்டும்.

மாணவர்களைச் சேர்க்கும்போதே அவர்களோடு மூன்று பேரைக் கட்டாயம் தேட வேண்டும். ஸ்பெஷல் நாடகத்தில் பின்பாட்டுப் பாடிப் பழகிய ஓர் ஆர்மோனியக்காரர்; தொண்டையைக் கேட்டுக் கையை நகர்த்தும் வித்தையைப் பிள்ளைகளுக்கு அவரால்தான் சொல்லித்தர முடியும். தாளத்தைப் பிடித்து நிற்க ஒரு பறை ஆசான். பித்தளை நாக்கைச் சுரண்டிச் சுருதி கூட்டத் தெரிந்த ஒரு பெட்டி பழுதுபார்ப்பவர். குழலின் வாயை எவ்வளவு வெட்டினால் நாதம் திறக்கும் என்பதை அந்தக் கைகள் ஒரு பருவத்துக்குள் கற்றுக்கொள்ளும். கருவியின் முதல் குழலைச் செய்யும்போதே அவருக்கும் சம்பளம் வைக்க வேண்டும்.